மறு: ரோமானிய வெள்ளிக் காசின் ஓரம் வெட்டுவதற்குக் கலைச்சொல்

> 'விளிம்புத் தேய்மானம்' போதாதா? காசு சிறுத்துவிட்டது என்பதுதானே பொருள்?

போதாது ஐயா. தேய்மானம் கைபட்டு வருவது. இது கத்தரி போட்டு வெள்ளியைத் திருடியது. காசுகளின் விவர அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் எடைக் கணக்கே குழம்பும். கி.பி. 350களின் பிற்பகுதியிலிருந்து சிலிக்வா என்ற ரோமானிய வெள்ளிக் காசு ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளிக்கு 144 என்ற கணக்கில் அடிக்கப்பட்டது, ஏறக்குறைய 2.2 கிராம். தேய்ந்தால் அதில் கொஞ்சம் குறையும். கத்தரித்தால் பாதிக்கே இறங்கிவிடும். இங்கிலாந்தின் சஃபோக்கில் 1992இல் கிடைத்த ஹாக்ஸன் புதையலில் 14,000க்கு மேற்பட்ட சிலிக்வாக்கள். அநேகமாக எல்லாமே கத்தரித்தவை. அரசர் தலையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

என் பரிந்துரை 'ஓரநறுக்கு'. 'சீவல்' என்றால் வெற்றிலைத் தட்டுதான் நினைவுக்கு வரும். தவிர, சீவினால் அரத்தின் கீறல் தெரிய வேண்டும், இங்கே அது இல்லை. ஓலை நறுக்கு என்கிறோமே, அதுபோல வெட்டி எடுத்த துண்டையும் 'நறுக்கு' என்றே சொல்லிவிடலாம்.

> அச்சு மையம் விலகி விழுந்த காசிலும் எழுத்து பாதிதான் இருக்கும். அதை எப்படிப் பிரிப்பது?

பத்து மடங்கு லென்ஸில் ஓரத்தைப் பாருங்கள். நறுக்கிய ஓரம் வட்டமாக இராது. குட்டி நேர்கோடுகளாக மடங்கி மடங்கிப் போகும், எழுத்தின் தலை பளிச்சென்று அறுந்திருக்கும். மையம் விலகியதில் ஒரு பக்கம் எழுத்து விழுந்திருக்காது, எதிர்ப்பக்கம் எழுத்தைச் சுற்றி வரும் புள்ளி வளையத்துக்கு வெளியே வெற்று வெள்ளி மிஞ்சும், எடையும் குறையாது. ஓரம் மட்டும் புதிதாக மின்னினால் வெட்டு நம் காலத்தது. பொடிப்பொடியாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது உடைசல்; மண்ணில் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்த வெள்ளி. வளைத்துப் பார்க்காதீர்கள்.

> அப்படியானால் அக்கசாலைக் குறி?

காசு எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் அந்தக் குறிதான் முதலில் போகிறது, பின்பக்கத்தின் அடியில் இருப்பதால். 'பிகான்' (PCON) என்பதில் முதலெழுத்து நறுக்கில் போய் 'கான்' (CON) மட்டும் நின்றால் பலர் கான்ஸ்டாண்டிநோபிள் என்று எழுதிவிடுகிறார்கள். அது இன்றைய பிரான்ஸில் உள்ள ஆர்ல் நகரத்துக் காசு. அந்த ஊருக்கு அப்போது கான்ஸ்டாண்டினா என்றும் பெயர். எழுத்தே மிஞ்சாவிட்டால் அரசர் முகத்தில் தாடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் ஜூலியன், யூஜீனியஸ் என்ற இரு தாடி வைத்த அரசர்களையும் ஒப்பிடுங்கள்: பின்பக்கம் மாலைக்குள் வேண்டுதல் எண் (அரசரின் ஆட்சியாண்டு நேர்ச்சையைக் குறிக்கும் எண்) என்றால் ஜூலியன் பக்கம், ரோமா தேவி அமர்ந்திருந்தால் யூஜீனியஸ் பக்கம் சாயலாம். அட்டவணையில் 'ஓரநறுக்கு' என்று போடும்போது பக்கத்திலேயே எடையையும், எந்தெந்த எழுத்து நிற்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.