வன்னி வீதிகளில் பழைய பிரெஞ்சு றேசிங் சைக்கிள்: அன்றாடப் பாவனைக்கு உதவுமா?

விசுவமடு:

பிரான்சிலிருக்கும் மாமா கப்பல் பெட்டியில் வீட்டுப் பொருட்களை அனுப்பியபோது, தாம் முன்னர் ஓடிய பூஜோ (Peugeot) றேசிங் சைக்கிளையும் அதற்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். 1970களில் செய்யப்பட்ட சைக்கிள் அது. இரும்புச் சட்டம், வளைந்த ஹாண்டில், பின்சில்லில் ஐந்து பல்சக்கரங்கள், கொட்டர் பின் (கிராங்கை அச்சில் இறுக்கும் ஆப்பு) அடித்த கிராங்கு, நடுவில் கம்பி இழுத்துப் பிடிக்கும் மாஃபாக் பிறேக் ஆகியவை அதில் உள்ளன. நான் வேலைக்காக ஒவ்வொரு நாளும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிளிநொச்சிக்குச் செல்கிறேன். பிரதான வீதியில் ஏறும் வரை கிறவல் பாதைதான். மழை வெயில் பாராமல் இதையே ஓடலாமா, அல்லது விற்றுவிட்டு உள்ளூர் லுமாலா சைக்கிள் ஒன்றை வாங்குவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு:

தம்பி, விற்றுவிடுங்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் எரிபொருள் அரிதாக இருந்தபோது, விறகு, நெல், மீன், நோயாளி என எல்லாமே சைக்கிளில்தான் போயின. அந்தச் சைக்கிள்கள் அத்தனை வருடம் ஓடியதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணமல்ல. அவை எல்லாம் ஒரே அளவில் இருந்தன என்பதே முக்கியமான காரணம். ஒருவரின் உடைந்த சைக்கிளிலிருந்து கழற்றிய அச்சு இன்னொருவரின் சைக்கிளுக்குப் பொருந்தியது. எந்தச் சந்தியில் பழுதானாலும் அந்தச் சந்தியிலுள்ள கடைக்காரரிடம் அதற்குரிய பாகம் இருந்தது. உங்கள் பூஜோவுக்கு வன்னி முழுவதிலும் உடன்பிறப்பு ஒன்றுகூட இராது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் சைக்கிளுக்குத் திரும்பியபோதும், வீட்டு மூலையில் கிடந்த பழைய றலிகளையும் ஹீரோக்களையும் உடனே ஓடக்கூடியதாக ஆக்க முடிந்தது இந்தப் பொது அளவினால்தான். அன்றாடச் சைக்கிளுக்கு வேகமும் அழகும் பின்னர் வரட்டும். போகும் வழியில் திருத்தக்கூடியதாக இருப்பதுதான் முதலாவது தகுதி.

மல்லாவி ஆசிரியை:

ஐயா சொல்லும் தகுதியை நானும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தகுதியைப் பிரெஞ்சுச் சைக்கிளுக்குக் கொடுக்க முடியாது என்பதை ஏற்கவில்லை. நான் பாடசாலைக்கு ஓடுவது மொட்டோபெக்கான் என்ற பழைய பிரெஞ்சுச் சைக்கிள். கியர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரத்தில் ஓடுகிறேன். நம்முடைய நிலம் தட்டையானது. குளக்கட்டில் ஏறும் இடத்தைத் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. பழைய பிரெஞ்சுச் சட்டங்களில் பின்சில்லு பொருந்தும் வாய் நீளவாட்டில் இருப்பதால் சில்லைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். அதனால் ஒற்றைக் கியருக்கு மாற்ற வேறு எந்த வேலைப்பாடும் தேவையில்லை. பாரத்தையும் நினைத்துப் பாருங்கள்: கரியர், ஸ்டாண்ட், செயின் மூடி எல்லாம் பூட்டிய நமது வழக்கமான பெரிய சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ நிற்கும், இவை அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகிறவருக்குக் காற்று எதிரேதான் வரும். வளைந்த ஹாண்டிலில் குனிந்து ஓடுபவருக்கும் நிமிர்ந்திருந்து ஓடுபவருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதங்களில் கால்கள் நன்றாக உணரும்.

பரந்தன் கடை:

சைக்கிள் திருத்துபவன் என்ற முறையில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விடயத்தில் தீர்மானிக்க வேண்டியது அவைதான். பழைய பிரெஞ்சுச் சைக்கிளில் கிராங்கு அச்சைப் பிடிக்கும் கப் 35 மி.மீ விட்டமும் 1 மி.மீ புரி இடைவெளியும் கொண்டது; இரண்டு பக்கமும் வலப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால் இறுகும். நாம் பழகிய ஆங்கில அளவு 1.37 அங்குலம், அதாவது ஏறத்தாழ 34.8 மி.மீ, அங்குலத்துக்கு 24 புரி. செயின் பக்கக் கப் இடப்புரி. வித்தியாசம் மி.மீயில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தெரியாமல் பலமாக முறுக்கினால் சட்டத்தின் புரியே தேய்ந்துபோகும். செயின் பக்கக் கப்பைக் கழற்ற நம்மவர்கள் வழக்கம்போல் வலப்பக்கமாகத் திருப்புவார்கள். பிரெஞ்சுக் கப் அப்படித் திருப்பத் திருப்ப இன்னும் இறுகும். பின்சில்லின் பல்சக்கரமான ஃபிறீவீலும் அப்படியே: அது ஏறும் பிரெஞ்சு ஹப்பின் (சில்லின் நடுக்குடம்) புரி 34.7 மி.மீ. நமது ஃபிறீவீல் அதில் தளர்வாக ஏறி, கொஞ்சக் காலம் ஓடியது போலத் தோன்றி, ஒரு நாள் மிதிக்கும்போது புரியை வழித்துக்கொண்டு சுற்றும். பெடல் புரி 14 மி.மீ, நம்முடையது 9/16 அங்குலம். கொட்டர் பின் அங்கே 9 மி.மீ, இங்கே 9.5 மி.மீ.

முத்தையன்கட்டு:

நான் பொதுவாகச் சொன்னதையே கடைக்காரத் தம்பி அளவுகளாகச் சொல்லியிருக்கிறார். நான்கு இடங்களில் பொருந்தாத ஒரு வாகனத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ரயரும் இருக்கிறது. கடையில் 28 என்று கேட்டால் 28 × 1½ ரயரைத் தருவார்கள். அதன் உள்விட்டம் 635 மி.மீ, பிரான்சின் 700 சி என்ற அளவு றிம் 622 மி.மீ. சில 700 சி ரயர்களிலும் 28 என்ற எண்ணே அச்சிடப்பட்டிருப்பதால் ஏமாறுவது மிக எளிது.

பரந்தன் கடை:

ஐயா, நான் அளவுகளைச் சொன்னது விற்கச் சொல்வதற்காக அல்ல. இவற்றில் எவற்றை ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு கவலை இல்லை, எவற்றைத் தொடவே கூடாது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே சொன்னேன். பெடலுக்குக் கிராங்கின் துளையில் 9/16 புரியை வெட்டிவிடலாம்; இரண்டு புரிகளின் இடைவெளியும் அநேகமாக ஒன்றே என்பதால் அந்த வேலை சுத்தமாக வரும், அதன்பின் எந்தக் கடைப் பெடலும் ஏறும். கொட்டர் பின் துளையை 9.5க்கு அகட்டலாம். ஃபிறீவீலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை; பின்சில்லையே நமது ஹப்பில் கட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லாமல் போகும். பின்கவட்டின் அகலம் 120 மி.மீ அளவில் இருக்கும், நமது ஹப் அதைவிட ஒடுங்கியது என்பதால் இரு பக்கமும் வாசர் வைத்து நிரப்ப வேண்டும். கிராங்கு அச்சின் வலப்பக்கக் கப்பை மட்டும் கழற்ற வேண்டாம். இடப்பக்கக் கப்பை மட்டும் திறந்து, குண்டுகளை மாற்றி, கிறீஸ் வைத்து மூடுங்கள். அந்தக் குண்டுகள் அங்கேயும் இங்கேயும் கால் அங்குலம்தான். குண்டு ஓடும் தடத்தில் குழி விழாதவரை வலப்பக்கக் கப்புக்கு வேலை இல்லை.

விசுவமடு:

அண்ணா, சில்லை நமது ஹப்பில் கட்டுவதென்றால் றிம்மையும் 26 × 1⅜ ஆக மாற்றிவிடலாமா? அந்த ரயர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

பரந்தன் கடை:

அந்த றிம் 590 மி.மீ. 622இலிருந்து அதற்கு வந்தால் பிறேக் கட்டை 16 மி.மீ கீழே இறங்க வேண்டும். மாஃபாக் கட்டைகளை ஓரளவு இறக்கலாம், ஆனால் அவ்வளவு எட்டுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அத்துடன் அந்த ரயர் தடித்தது. கிராங்குக்குப் பின்னால் சட்டம் ஒடுங்கும் இடத்தில் உரசலாம். பணம் செலவழிக்கும் முன் யாருடையதாவது ஒரு சில்லை வாங்கிச் செருகிப் பாருங்கள். வேறொரு கவனமும் உண்டு: குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி தொடங்கித் தை வரை ஓடப் போகிறவர் அலுமினிய றிம்மே போட வேண்டும்.

மல்லாவி ஆசிரியை:

நான் 622 அளவிலேயே அலுமினிய றிம் போட்டு, 32 மி.மீ அகல ரயர்களைக் கொழும்பிலிருந்து இரண்டிரண்டாக எடுப்பித்து ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். ஒல்லியான பந்தய ரயர்களைக் கிறவலில் ஓடக் கூடாது என்பதில் எனக்கும் ஐயாவுக்கும் வேறுபாடு இல்லை. கியரை வைத்திருக்க விரும்பினால் சிம்ப்ளெக்ஸ் என்று எழுதிய பிளாஸ்ரிக் கியர்மாற்றியை நம்ப வேண்டாம். அந்தப் பொருள் வயதாக ஆக வெடிப்பு விழுந்து உடையும்.

முத்தையன்கட்டு:

ஆசிரியை அவர்களே, கொழும்பிலிருந்து ரயர் எடுப்பித்து வீட்டில் சேமித்து வைக்க வேண்டியிருப்பதே என் வாதத்துக்குச் சான்று. உங்களிடம் அந்த ஒழுங்கு இருக்கிறது, எல்லோரிடமும் இராது. பாரம் ஏற்றுவது பற்றியும் ஒருவரும் பேசவில்லை. நமது சைக்கிளின் கரியரில் ஒரு மூட்டை நெல் போகும். இதற்குக் கரியர் வேண்டுமென்று யாராவது சட்டத்தில் காதுகளை வெல்டிங் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும்?

பரந்தன் கடை:

அந்த எச்சரிக்கை மிகச் சரியானது. சட்டத்தில் ரெய்னோல்ட்ஸ் 531 என்ற ஒட்டி இருந்தால் அது மெல்லிய குழாய். மூட்டு உறைகளுக்குள் பித்தளை உருக்கி ஒட்டப்பட்டது. அதில் மின் வெல்டிங் வைத்தால் சூடேறிய இடத்துக்குப் பக்கத்தில் முறியும். பூஜோவின் பி.எக்ஸ் 10 போன்ற பந்தய வகைகள் அப்படிப்பட்டவை. கொட்டர் பின் கிராங்கு இருப்பதால் தம்பியுடையது சாதாரண இரும்புக் குழாயாகத்தான் இருக்க வேண்டும். அதற்குங்கூட இறுக்கிப் பூட்டும் பட்டியால் சிறிய கரியர் போடுவதே நல்லது. மாமா அனுப்பியது அரும்பொருள், கைவைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். 1975இலும் 1977இலும் பெர்னார் தெவனே பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்றது பூஜோவில்தான், ஆனால் கடைகளில் விற்ற சாதாரண வகைகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. கழற்றிய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், போதும்.

முத்தையன்கட்டு:

அப்படியானால் என் நிலைப்பாட்டைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். வீட்டில் பாரம் ஏற்ற இன்னொரு சைக்கிள் இருந்து, வேலைகளை இந்தக் கடைக்காரரைப் போல அளவு தெரிந்தவரிடம் செய்வித்தால், வேலைக்குப் போக அதை ஓடலாம். ஒரே சைக்கிளை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு நான் இப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன்.

விசுவமடு:

அப்பாவின் பெரிய சைக்கிள் வீட்டில் இருக்கிறது, நெல்லும் விறகும் அதில்தான் போகின்றன. ஆகவே பூஜோவை வைத்துக்கொள்கிறேன். இந்தக் கிழமை சில்லைச் செருகிப் பார்த்து, பிறேக் கட்டை எட்டும் தூரத்தை அளந்து இங்கே எழுதுகிறேன். எட்டாவிட்டால் அக்கா சொன்ன 622 அலுமினிய றிம்மைப் போடுவேன். அண்ணா, பெடல் புரி வெட்டவும் கொட்டர் துளை அகட்டவும் கிராங்கைக் கழற்றி உங்கள் கடைக்குக் கொண்டுவரட்டுமா, அல்லது சைக்கிளையே உருட்டிக்கொண்டு வரட்டுமா?

பரந்தன் கடை:

சைக்கிளாகவே கொண்டுவாருங்கள். பழைய கொட்டர் பின்னை நீங்கள் சுத்தியலால் அடித்தால் அதன் தலை மடிந்து, பிறகு துளைத்தெடுக்க வேண்டிவரும். நான் அழுத்தி இறக்கிக்கொள்கிறேன்.