டிஜிட்டல் அடையாளத் தரநிலைகள்: ஆராய்ச்சியிலிருந்து உள்ளே போவது எப்படி?

கேள்வி:
கிரிப்டோகிராஃபியில் முனைவர் பட்டம் முடிக்கப் போகிறேன். டிஜிட்டல் அடையாளம், தனியுரிமை பற்றிய தரநிலைகளை எழுதுகிற வேலைதான் ஆசை. அதற்குப் பெரிய நிறுவனத்தில் இருந்தால்தான் முடியுமா?

பதில் 1:
அப்படியெல்லாம் இல்லை. இணையத்துக்கான தரநிலைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப் (IETF) அமைப்பில் உறுப்பினர் முறையே கிடையாது, மின்னஞ்சல் குழுவில் சேர்ந்து வரைவுகளைப் படித்துக் கருத்து எழுத ஆரம்பித்தாலே நீங்கள் உள்ளேதான். முதலில் 2013-இல் அங்கே வெளியான ஆர்.எஃப்.சி 6973 (RFC 6973) என்ற ஆவணத்தைப் படியுங்கள், ஒரு நெறிமுறையில், அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளில், தனியுரிமை எங்கே கசியும் என்று யோசிக்கப் பழக்கும். வலைத்தளங்களுக்கான தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சி (W3C) வேறு மாதிரி: பணிக்குழுக்களுக்கு உறுப்பினர் நிறுவனமோ அழைப்போ வேண்டும், சமூகக் குழுக்கள் எல்லோருக்கும் திறந்தவை.

பதில் 2:
பொறுமை ரொம்ப முக்கியம். வயது 18 ஆகிவிட்டது என்பதை மட்டும், பெயரோ பிறந்த தேதியோ காட்டாமல் நிரூபிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தளத்திலும் உங்கள் அடையாளச் சான்றில் உள்ள அதே டிஜிட்டல் கையொப்பத்தைக் காட்டினால் இரண்டு தளங்கள் சேர்ந்து இது ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்துவிடும். இதைத் தடுக்கும் கணிதம் பல வருடங்களாகவே இருக்கிறது, அதைக் கைபேசியின் பாதுகாப்புச் சில்லோடு ஒத்துப்போக வைப்பதில்தான் இழுபறி. அங்கே உங்களைப் போன்றவர்கள் கண்டிப்பாகத் தேவை.

கேள்வி கேட்டவர்:
என் ஆய்வும் இதைத் தொட்டுத்தான் போகிறது! எந்த வரைவில் தொடங்கலாம்?

பதில் 2:
பிபிஎஸ் (BBS) கையொப்பங்கள், நான் சொன்ன அந்தக் கணிதத்தில் ஒரு வகை. சி.எஃப்.ஆர்.ஜி (CFRG) என்ற கிரிப்டோகிராஃபி ஆய்வுக் குழுவின் வரைவைத் தேடிப் பாருங்கள், அப்புறம் அதில் விடையோடு கொடுத்திருக்கும் சோதனை மதிப்புகளை உங்கள் நிரலில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குழுவுக்கு எழுதுங்கள்.