உக்ரைனுக்கு ஐ.நா. வாக்குகளால் என்ன பயன்?

கரிசல்:
2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யப் படை உடனே வெளியேற வேண்டும் என்று வாக்களித்தன. எதிர்த்தவை 5, இந்தியா, சீனா உட்பட 35 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. சரி, அதனால் ஒரு டாங்கியாவது திரும்பிப் போனதா? தலைநகர் கீவ் தப்பியது உக்ரைன்காரர்கள் நின்று சண்டை போட்டதால். ஆயுதம் கொடுப்பவன்தான் நண்பன், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

அலைமகள்:
கரிசல், ஆயுதம் வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த வாக்கெடுப்பு எந்த நிலைமையில் வந்தது என்று பாருங்கள். படையெடுப்பு தொடங்கிய இரவு ஐ.நா. பாதுகாப்புச் சபை கூடியிருக்கிறது, அந்த மாதத் தலைமை ரஷ்யாவிடம், கூட்டம் நடக்கும்போதே புதினின் அறிவிப்பு வந்துவிட்டது. உக்ரைன் தூதர் செர்கி கிஸ்லித்சியா அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவுக்குப் போன் போடுங்கள், தலைமைப் பொறுப்பை விட்டு விலகுங்கள் என்று ரஷ்யத் தூதரிடம் கேட்கிறார். அந்த நேரத்தில் அந்த மனிதர் கையில் வேறு என்ன இருந்தது? இரண்டு நாள் கழித்து, 15-ல் 11 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ என்ற தன் தடை அதிகாரத்தைப் போட்டு வீழ்த்தியது. அப்புறம்தான், பாதுகாப்புச் சபை முடங்கினால் பொதுச்சபையே எடுத்துக்கொள்ளலாம் என்று 1950-ல் உண்டாக்கிய வழியைப் பிடித்து, வீட்டோ செல்லாத பொதுச்சபைக்கு விஷயத்தைக் கொண்டுபோனார்கள்.

வழிப்போக்கன்:
நான் கரிசல் பக்கம். 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. சோவியத் உடைந்தபோது அந்த மண்ணில் இருந்தது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல், அதை விட்டுக்கொடுத்துத்தான் இந்தக் காகிதத்தை வாங்கினார்கள். இருபது வருஷத்தில் உக்ரைனின் கிரீமியா தீபகற்பம் ரஷ்யாவிடம் போய்விட்டது. நீங்கள் சொல்லும் பொதுச்சபையில் 2025 பிப்ரவரி 24 அன்று என்ன நடந்தது? உக்ரைன் தீர்மானத்துக்கு 141 ஆதரவு இருந்த இடத்தில் 93, அமெரிக்காவே ரஷ்யாவோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தது. இதை நம்பி ஒரு நாடு எப்படி உட்கார்ந்திருக்கும்?

அலைமகள்:
அந்த 93 எனக்கும் வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்தவை 18 தான், தீர்மானம் நிறைவேறியது. 2022 செப்டம்பர் கடைசியில் உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா தன் மண் என்று அறிவித்தபோது, இரண்டே வாரத்தில் 143 நாடுகள் செல்லாது என்றன. துப்பாக்கியால் நிலத்தைப் பிடிக்கலாம், பட்டா மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்தான். போருக்கு மூன்று நாள் முன்பு கென்யத் தூதர் மார்ட்டின் கிமானி பேசியதைத் தேடிப் படியுங்கள். எங்கள் எல்லைகளையும் காலனி ஆட்சிக்காரர்கள்தான் வரைந்தார்கள், அதற்காக அண்டை நாட்டின் மேல் பாய மாட்டோம் என்பது அவர் வாதம். சின்ன நாடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை, அவர்களிடம் அனுப்ப ஏவுகணை கிடையாது.

கரிசல்:
அப்படியானால் இந்தியா செய்தது தப்பா? இரண்டு பக்கமும் பேச ஒருவர் வேண்டாமா? ‘இது போருக்கான காலம் அல்ல’ என்று உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் புதினிடமே பிரதமர் மோதி நேராகச் சொன்னார். ரஷ்யாவை எதிர்த்து வாக்களித்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

அலைமகள்:
இந்த வாதத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், நடந்தது வேறு. துருக்கி ரஷ்யாவுக்கு எதிராகத்தான் வாக்களித்தது, ஆனாலும் உக்ரைன் தானியம் கப்பலில் வெளியே போக வழிவிட்ட கருங்கடல் தானிய ஒப்பந்தம் 2022 ஜூலையில் கையெழுத்தானது அந்த நாட்டின் இஸ்தான்புல்லில். சவூதியும் அப்படித்தான் வாக்களித்தது. அந்தச் செப்டம்பரில் துருக்கியும் சவூதியும் பேசியதால்தான் மரியுபோல் நகரின் அசோவ்ஸ்தால் எஃகு ஆலையில் ரஷ்யாவிடம் பிடிபட்டவர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் விடுதலையானார்கள், கூடவே 10 வெளிநாட்டவரும். தப்பைத் தப்பு என்று சொன்னதால் யாருக்கும் கதவு மூடவில்லையே.

வழிப்போக்கன்:
தானிய ஒப்பந்தத்தை 2023 ஜூலை 17-ல் ரஷ்யா உதறிவிட்டதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அலைமகள்:
உதறியது, உண்மை. அதற்குள் ஒரு வருஷத்தில் சுமார் 3.3 கோடி டன் தானியம் ஒதேசா பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து வெளியே போய்விட்டது. அது வாய்ப்பேச்சு என்றால், எதை உதவி என்பீர்கள்?