மறு: ‘கீ’ – எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லா? (வெள்ளிக்குள் முடிவு தேவை)

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு போயாக வேண்டும். மற்றதெல்லாம் சரி, ‘கீ’ (key) என்ற ஆங்கிலச் சொல்தான் முட்டுகிறது. தட்டச்சில் அழுத்துவது, செய்தியைப் பூட்டுவது, தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசையை அடையாளம் காட்டுவது என மூன்று பொருளில் வருகிறது. எங்கும் ‘திறவுகோல்’ போட்டதில், “திறவுகோலை உள்ளிட ஏதேனும் ஒரு திறவுகோலை அழுத்துக” என்று வந்து நிற்கிறது. சாவி என்றே எழுதிவிடலாமா?

தமிழாசிரியர்:
> சாவி என்றே எழுதிவிடலாமா?
வேண்டாம் ஐயா. சாவி போர்த்துகீசியச் சொல். ஜன்னலும் அலமாரியும் ஏறிவந்த கப்பலில்தான் அதுவும் வந்தது. நமக்குத் தாழ் இருக்கிறது. குறளிலேயே ‘அடைக்குந்தாழ்’ உண்டு. தாழ் நீக்கும் கோல் தாழ்க்கோல். மலையாளத்தில் இன்றும் தாக்கோல் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். நாம் கைவிட்டதை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அப்புறம், தாழ்ப்பாளில் வரும் ‘பாள்’ என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஈழத்து உறுப்பினர்:
எங்கள் பேச்சில் சாவிக்குத் ‘திறப்பு’ என்றுதான் பெயர். தமிழ்ச்சொல், வழக்கிலும் இருக்கிறது. புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்:
அழகான சொல்தான். ஆனால் மறையாக்கத்தில் வரும் ‘பப்ளிக் கீ’யைப் ‘பொதுத் திறப்பு’ என்று எழுதினால் தமிழகத்தில் திறப்பு விழா என்றே புரிந்துகொள்வார்கள்.

கணினி ஆசிரியை:
திறவுகோல், திறப்பு இரண்டிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. 1976-இல் மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கருத்துப்படி, பொதுக் ‘கீ’ யாரிடமும் இருக்கலாம். அதைக் கொண்டு செய்தியைப் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. திறப்பது உரியவரிடம் மட்டும் இருக்கும் தனிக் ‘கீ’. பூட்ட மட்டுமே தெரிந்த ஒன்றைத் திறவுகோல் என்று சொல்லிக்கொடுத்தால், பாடத்தின் மையக்கருத்தே மாணவருக்குத் தலைகீழாகப் போய்விடும். சாவி பூட்டவும் செய்யும், திறக்கவும் செய்யும். அந்த நடுநிலைக்காகவே அதைக் கேட்கிறேன்.

தமிழாசிரியர்:
அப்படியானால் பொதுவுக்குப் பூட்டுகோல், தனிக்குத் திறவுகோல். இரண்டும் தூய தமிழ், இணையும் அழகு.

கணினி ஆசிரியை:
மின்கையொப்பம் வந்தால் அந்த இணை உடைந்துவிடும் ஐயா. அங்கே தனிக் ‘கீ’யால் ஒப்பமிடுகிறோம், பொதுக் ‘கீ’யால் சரிபார்க்கிறோம். பூட்டலும் இல்லை, திறத்தலும் இல்லை.

இசை அறிந்த உறுப்பினர்:
தட்டச்சுக்குக் ‘கட்டை’ சொல்லலாமே? ஆர்மோனியத்தில் அழுத்துவது கட்டைதான். சுருதியையே ஐந்து கட்டை, ஒன்றரைக் கட்டை என்கிறோம்.

மாணவர்:
தட்டச்சுக் ‘கீ’க்கு இப்போது விசை என்கிறோம். ஆனால் விசை என்றால் எங்களுக்கு ஈர்ப்பு விசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கட்டை பரவாயில்லை.

தமிழாசிரியர்:
விசையைத் தொடாதீர்கள். துப்பாக்கியில் விரலால் அழுத்துவதும் விசைதான். விசைத்தறி, விசைப்படகு எல்லாம் ஊன்றிவிட்டன. விசைப்பலகையை இனிக் கட்டைப்பலகை ஆக்க முடியுமா?

கணினி ஆசிரியை:
தரவுத்தளத்தை மறந்துவிட்டோம். 1970-இல் கணினி அறிஞர் காட் (Codd) தரவுத்தளம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே முதன்மைக் ‘கீ’ உண்டு. அது எதையும் பூட்டுவதில்லை. ஒரு வரிசையைத் தனித்துக் காட்டுகிறது. ‘முதன்மை அடையாளம்’ போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே தேடுவானேன்? தேர்வின் ‘ஆன்சர் கீ’யை விடைக்குறிப்பு என்கிறோம், அங்கே யாரும் சாவியைத் தேடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நேரம் இல்லை. தட்டுவதற்கு விசை, மறையாக்கத்துக்குச் சாவி. இதுவரை பேசியவர்களில் பெரும்பாலோர் இதற்கு இசைகிறார்கள். முதன்மை அடையாளத்துக்கு அவ்வளவு ஆதரவில்லை. ‘அடையாள எண்’ணோடு குழம்பும் என்கிறார்கள். அதனால் இந்தப் பதிப்பில் ‘முதன்மைச் சாவி’ என்றே போகிறது.

தமிழாசிரியர்:
சாவிக்கு நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்புக்குத் தாழ்க்கோலை மீண்டும் முன்வைப்பேன். தாழ்ப்பாளின் ‘பாள்’ பற்றி இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.