புதுப்பிப்பு: நாவலில் வரும் அம்மம்மா பற்றி எழுதியதற்கு வந்த பதில்கள்

என் நாவலில் வரும் அம்மம்மா என் சொந்த அம்மம்மாதான் என்று முன்பு எழுதியிருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியை விட்டுச் சனத்தோடு சனமாக வெளிக்கிட்டபோது, தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவ. வாசித்தவர்கள் என் கதையை விட்டுவிட்டுத் தங்கள் கதைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

பலருக்கு அந்த இரவு பெய்த மழைதான் நினைவில் நிற்கிறது. லட்சக்கணக்கான சனம், ஒரே ரோட்டு. கொக்குவில்காரர் ஒருவர், குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திக் குடித்தாராம்.

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நான் எழுதியது போதாது என்கிறா ஒரு அக்கா. அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி. யுத்தத்தின்போது அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் அவ சோதனைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். இது அடுத்த பதிப்பில் கட்டாயம் வரும்.

“அம்மம்மா உண்மையிலேயே திரும்பி வரவில்லையா?” என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வந்தா. 1996இல் சாவகச்சேரியிலிருந்து மெசினோடு வந்து, பிறகும் கனகாலம் தைத்தா. நாவலில்தான் வரவில்லை. “உயிரோட வந்த மனுசியை ஏன் சாகடிச்சனி?” என்று சித்திக்கு இன்னும் கோபம். கதைக்கு அந்த முடிவுதான் பொருந்தியது, அவ்வளவுதான்.

அப்புறம், பழைய படங்கள் அனுப்பியவர்களுக்கு: உங்களைக் கேட்காமல் எதையும் வெளியில் போடமாட்டேன்.