வீட்டு குறூப்: தம்பிக்கு வந்த பில்

தம்பி: அக்கா நித்திரையா? மனேஜிங் ஏஜென்டிட்ட இருந்து லெட்டர் வந்திருக்கு 19,400 பவுண்ஸ் கட்டட்டாம்!! வெளிச்சுவர்ல பொருத்தின கிளாடிங் தகடுகளைக் கழட்டிப் புதுசு போட 12,000, சுவருக்குள்ள நெருப்பு பரவாமத் தடுக்கிற பரியர் கட்டேக்கையே போடேல்லயாம் அதுக்கு 7,400. 28 நாள்தான் டைம்

அத்தான்: ஒரு சதமும் கட்டாதை. 2017ல லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிஞ்சதுக்குப் பிறகு எல்லாம் கவர்மென்ட்தான் குடுக்குது

பெரியக்கா: இஞ்சருங்கோ, தெரியாட்டி சும்மா இருங்கோ. எல்லாத்துக்கும் குடுக்கிறேல்ல, அதோட அந்த ஃபண்ட் வீட்டுக்காரருக்கு வாறதும் இல்லை, பில்டிங் ஓனர்தான் அப்ளை பண்ண வேணும். தம்பி உன்ர பில்டிங் எத்தினை மாடி?

தம்பி: ஆறு. உயரம் 18 மீட்டருக்குக் குறைவு எண்டு லெட்டர்ல இருக்கு

பெரியக்கா: அப்ப நல்லது. 11 மீட்டர் இல்லாட்டி 5 மாடி இருந்தாத்தான் செலவு முழுக்க எங்கட தலையில விழாமத் தடுக்கிற 2022 பில்டிங் சேஃப்டி அக்ட் பாதுகாப்பு வரும், நாலு மாடிக்காரரை அம்போ எண்டு விட்டிட்டாங்கள். 11ல இருந்து 18 வரைக்கும் கிளாடிங் சேஃப்டி ஸ்கீம் எண்டு கவர்மென்ட் ஃபண்ட் இருக்கு, பில்டிங் ஓனர் அதுக்கு அப்ளை பண்ணினவரோ எண்டு கேள்

அம்மா: தம்பி அந்த வீடு நெருப்புப் பிடிக்குமோ

தம்பி: நான் 2023லதானே வாங்கினனான், எனக்கும் இந்தச் சட்டம் சரிவருமோ?

பெரியக்கா: அதுதான் முக்கியம். நீ எப்ப வாங்கினாய் எண்டில்லை, 2022 பெப்ரவரி 14 அண்டைக்கு உன்ர ஃபிளாட்டுக்கு ஆர் சொந்தக்காரர் எண்டுதான் பாப்பினம். அவர் அதில குடியிருந்திருக்க வேணும், இல்லாட்டி யூகேயில மொத்தம் 3 வீட்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. சரியா இருந்தா அந்தப் பாதுகாப்பு லீஸோடயே, அதான் ஃபிளாட்டின்ர நீண்டகாலக் குத்தகையோடயே, உனக்கு வரும்

தம்பி: வித்தவை புருசன் பெண்சாதி, அதிலதான் இருந்தவை, பிள்ளை பிறக்கப் போகுதெண்டு வித்தவை

பெரியக்கா: தப்பினாய்!! பத்து வீடு வாடகைக்கு விட்டவனிட்ட வாங்கியிருந்தா முழுப் பில்லும் உன்ர தலையில விழுந்திருக்கலாம். இப்ப கிளாடிங் 12,000 உனக்கு சைபர். மற்ற 7,400க்குத்தான் லிமிட் இருக்கு, லண்டன்ல 15,000, அதுவும் ஒரேயடியாக் கேக்கேலாது, பத்து வருசத்துக்குப் பிரிச்சு வருசம் 1,500தான். 2017 ஜூனுக்குப் பிறகு ஃபிளாட்டின்ர பழைய சொந்தக்காரர் ஏதும் கட்டியிருந்தா அதுவும் கழியும்

அத்தான்: அப்ப 28 நாளுக்குள்ள 19,400 எண்டு என்ன கோதாரிக்கு அனுப்பினவங்கள்

பெரியக்கா: பயத்தில கட்டுற ஆக்கள் இருக்கினம்தானே. தம்பி அந்த லெட்டரோட பில்டிங் ஓனர் குடுக்கிற லேண்ட்லோர்ட் சேர்ட்டிஃபிகேட் வந்ததோ?

தம்பி: இல்லை. பில் மட்டும்தான்

பெரியக்கா: அது இல்லாமக் கேக்கவே ஏலாது. பில்டிங் ஓனர், அதைக் கட்டின கொம்பனியோட சம்பந்தப்பட்ட ஆளோ, அவையிட்டக் காசு எவ்வளவு இருக்கு எண்டெல்லாம் அதிலதான் வரும். பெரிய கையெண்டா அந்த 7,400ம் அவையின்ர பாடு. ஈமெயில்ல கேள், போன்ல கதைக்காதை

பெரியக்கா: அதோட டீட் ஒஃப் சேர்ட்டிஃபிகேட் எண்டு ஒண்டு, அண்டைக்கு அதில தாங்கள்தான் குடியிருந்தது எண்டு வித்தவை சைன் வச்சுத் தந்திருப்பினம். ஓனர் கேட்டு நீ குடுக்காம விட்டா உனக்குப் பாதுகாப்பு இல்லையெண்டு எடுத்திடுவாங்கள். லோயர் தந்த ஃபைலைப் பார்

அம்மா: நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல

தம்பி: பிடிக்காது அம்மா, அலாரம் எல்லாம் புதுசாப் போட்டிருக்கு

அம்மா: எப்ப கழட்டுவினம்

பெரியக்கா: லெட்டர்ல டேட் ஒண்டும் குடுக்கேல்ல அம்மா. 18 மீட்டருக்கு மேல ஃபண்ட் எடுத்த உயரமான பில்டிங்குகளையே 2029 முடியிறதுக்குள்ள செய்யிறம் எண்டுதான் கவர்மென்ட் சொன்னது

அம்மா: 2017ல 72 சனம் செத்தது. பன்னிரண்டு வருசமோ ஒரு சுவரைக் கழட்ட?

அத்தான்: மாமி கேக்கிறதுதான் சரியான கேள்வி

தம்பி: அக்கா ஃபைலுக்குள்ள டீட் கிடக்கு!!! ரெண்டு பேரும் சைன் வச்சிருக்கினம். படம் அனுப்புறன்

பெரியக்கா: தலைகீழா அனுப்பியிருக்கிறாய். வடிவா ஸ்கேன் பண்ணி அனுப்பு, நாளைக்கு வேலையால வந்து ஈமெயில் எழுதித் தாறன்

அம்மா: தம்பி இண்டைக்கு இஞ்ச வந்து படு