பழைய ஒரு அங்குல நிலப்படத்தைக் கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் பொருத்தினால் அல்சூர் ஏரி விலகி நிற்கிறது

கேள்வி:
வணக்கம். கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் இடத்தில் இருந்த சம்பங்கி ஏரியின் பழைய கரையை இன்றைய பெங்களூருத் தெருக்களின் மேல் வரைந்து எங்கள் பகுதி மக்களுக்குக் காட்ட விரும்புகிறேன். இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குலத் தாளை (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டுவது) 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், ஸ்கேன் செய்து, சாலைச் சந்திப்புகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக (தாளிலும் தரையிலும் இடம் தெரிந்த புள்ளிகள்) கொடுத்து, படத்தைப் புள்ளிகளுக்கேற்ப வளைக்கும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறையில் ஜியோரெஃபரன்சிங் செய்தேன், அதாவது தரையில் உள்ள இடத்தோடு பொருத்தினேன். அட்டவணையில் பிழை சுழியம் என்றே வருகிறது; ஆயினும் புள்ளிகள் வைக்காத கிழக்குப் பக்கத்தில் அல்சூர் ஏரி வெகுவாக விலகியிருக்கிறது. புள்ளிகளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
கூட்டினால் மட்டும் போதாது. ஸ்ப்லைன் முறை ஒவ்வொரு புள்ளியையும் நீங்கள் சொன்ன இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவதால், தவறாக வைத்த புள்ளிக்கும் பிழை சுழியமாகவே தெரியும். சாலைச் சந்திப்புகளை விட்டுவிட்டு, தாளில் அச்சாகியுள்ள அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் இடங்களைப் புள்ளிகளாகக் கொடுத்து, படம் முழுவதையும் ஒரே சீராக நீட்டி, சாய்த்து, சுழற்றும் பாலினாமியல் 1 முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 3 புள்ளிகளே போதும் என்றாலும், கூடுதலாகக் கொடுத்தால்தான் எந்தப் புள்ளி பிசகியது என்பது தெரியவரும். காகிதம் நீளத்திலும் அகலத்திலும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருந்தாலும் இம்முறை அதை ஈடுசெய்யும். இரு திசையிலும் ஒரே விகிதத்தில் மட்டும் அளவை மாற்றும் ஹெல்மர்ட் முறை ஈடுசெய்யாது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அத்தாள்களின் ரேகைகள் எவரெஸ்ட் கோளவுருவை (பூமியின் வடிவத்துக்கு அக்காலத்தில் கொண்ட கணக்கு) அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று உள்ளிட்டால், பெங்களூரில் படம் முழுவதும் 100 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். முதலில் எவரெஸ்ட் கோளவுருவைக் கொண்ட கல்யாண்பூர் 1975 ஆயத்தொலைவு முறையில் பொருத்தி, பிறகு இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் பெங்களூரு அடங்கும் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால் 1:63,360. 300 டிபிஐயில் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 5.4 மீட்டர். தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடே 32 மீட்டரை மறைத்துவிடும். ஆகவே இந்தத் தாளிலிருந்து கரையைத் தெரு அளவில் சொல்லலாம். வீட்டு மனை அளவில் சொல்வது நியாயமாகாது.

சரிபார்ப்பதற்கு, பொருத்தும்போது பயன்படுத்தாத சில இடங்களை ஒதுக்கி வையுங்கள். லால்பாக் பாறை மேலுள்ள கெம்பேகவுடா கோபுரம், பழைய கோயில்கள் போன்ற இடம் மாறாதவை தாளில் குறிக்கப்பட்டிருந்தால் அவையே சிறந்தவை. ஏரிக்கரையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீர்மட்டத்தைப் பொறுத்தும் கரையை உயர்த்திக் கட்டியதைப் பொறுத்தும் அது மாறியிருக்கக்கூடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தாளின் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறது. அதற்கும் பாலினாமியல் 1 தாங்குமா?

பதில் 1:
மடிப்புக்கு இருபுறமும் ரேகைப் புள்ளிகள் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பிழைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்தால், படத்தை மடிப்பில் வெட்டி, இரு பாதிகளையும் தனித்தனியே பொருத்துவது நல்லது.